எதைக் குறைத்தோம் என்று சொல்லத் தெரிய வேண்டும்

விலை குறைந்த கார்களை விற்கும் ஷோரூமில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிறகு அதே துறையில் புதிய விற்பனையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்புக்கு வந்தேன். இரண்டு வேலையிலும் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று உண்டு. சிக்கனமான கார் வாங்க வருகிறவர் விலையைக் கேட்க வருவதில்லை. அதை வீட்டிலேயே மனப்பாடம் செய்துவிட்டுத்தான் படியேறுகிறார். முன்பணம், மாதத் தவணை, காப்பீடு, பதிவுச் செலவு எல்லாம் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் இருக்கும். அவர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி வேறு: இந்தக் காரில் போய் இறங்கினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

ஒரு பெரியவர் மகனுக்காகக் கார் எடுக்க வந்திருந்தார். சாவியைக் கொடுக்கும் நேரத்தில் அவர் மட்டும் காரின் பின்பக்கம் போய் நின்றார். பின்கதவின் வலது மூலையில் அந்த ரகத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, வண்டிப் பெயர் இருக்கட்டும். இந்த இரண்டு எழுத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா?” என்று கேட்டார். மகன் ஒன்றும் பேசவில்லை. சூடான காற்றைக் காட்டிப் பசையை இளக்கி, மெல்லிய நைலான் நரம்பை எழுத்துக்குப் பின்னால் விட்டு அறுத்து எடுத்தோம். பிசுக்கைத் துடைத்ததும் பெரியவர் முகம் தெளிந்தது. அந்த எழுத்துகள் சொன்னது ஒன்றுதான்: இது வசதிகள் குறைந்த, வரிசையிலேயே கடைசி ரகம்.

இந்தக் கோரிக்கை அதற்குப் பிறகும் பலரிடமிருந்து வந்தது. அடிப்படை ரகம் வாங்கியவர்கள் முதலில் வாங்கும் கூடுதல் பொருள் வீல் கவர். அடுத்தது, கறுப்பு பிளாஸ்டிக்கில் வரும் கதவுக் கைப்பிடிகளுக்கும் பக்கக் கண்ணாடிகளுக்கும் காரின் நிறத்திலேயே பெயின்ட். இவற்றால் கார் கூடுதலாக ஓடாது, பிரேக்கும் நன்றாகப் பிடிக்காது. ஆனாலும் மனிதர்கள் பணம் கொடுத்துச் செய்துகொள்கிறார்கள். இதை வெறும் பகட்டு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வாழ்க்கையில் முதல் கார் வாங்குகிறவர் அதற்காக எத்தனையோ செலவுகளைத் தள்ளிப்போட்டிருப்பார். அவரைப் பார்த்து அவருடைய காரே “நீ கடைசி ரகம்” என்று சொல்லக் கூடாது.

குறைந்த விலைக் கார் நிறுவனத்தின் பிராண்ட் பிம்பம் என்று நான் சொல்வது இதைத்தான். உரிமையாளர் தன் காரைப் பற்றி மற்றவரிடம் தயங்காமல் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் அவர் கையில் இருக்கிறதா? அந்த வாக்கியத்தை நிறுவனம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் கேலி செய்கிறவர்கள் கொடுத்துவிடுவார்கள்.

நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் தடுமாறுகின்றன. ஒன்று, விலை குறைவு என்பதை மட்டுமே உரக்கச் சொல்வது. இன்னொன்று, அதை மறைத்து விலை உயர்ந்த கார் போல வேடம் கட்டுவது.

முதல் வழிக்கு டாடா நானோவைவிடப் பெரிய பாடம் இல்லை. 2008 ஜனவரி 10 அன்று டெல்லி வாகனக் கண்காட்சியில் அது வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நான்கு பேராகப் போகும் குடும்பத்தைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் தோன்றியது என்று ரத்தன் டாடா சொல்லியிருக்கிறார். ஒரு பிராண்டுக்கு இதைவிட நல்ல பிறப்புக் கதை எங்கே கிடைக்கும்? பொறியியலும் சாதாரணமானதல்ல. இரண்டு சிலிண்டர் என்ஜினைப் பின்னால் வைத்து உள்ளே இடத்தைப் பெருக்கினார்கள். முன் கண்ணாடிக்கு ஒரே வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே போல்ட் என்று ஒவ்வொரு பாகத்திலும் யோசித்துக் குறைத்தார்கள். ஆனால் மக்கள் மனத்தில் தங்கியது ஸ்கூட்டர் குடும்பமல்ல, “ஒரு லட்ச ரூபாய் கார்” என்ற பட்டம். விலையே பெயராகிவிட்டது. அந்தக் காரை வாசலில் நிறுத்தினால் உரிமையாளர் எவ்வளவு கொடுத்திருப்பார் என்பது தெரு முழுக்கத் தெரியும். பட்டத்திலிருந்த விலையும் நிலைக்கவில்லை. உள்ளீட்டுச் செலவு ஏற ஏற அதுவும் ஏறியது. மேற்கு வங்கத்தின் சிங்கூரிலிருந்து தொழிற்சாலை குஜராத்தின் சானந்துக்கு மாறியதில் காலம் போயிற்று. சில கார்கள் தீப்பிடித்த செய்திகளும் சேர்ந்துகொண்டன. 2018இல் தயாரிப்பு நின்றது. உலகின் மிக மலிவான கார் என்று அதை முன்னிறுத்தியது துரதிர்ஷ்டம் என்று ரத்தன் டாடாவே பின்னாளில் வருந்தினார். ஸ்கூட்டரில் போன குடும்பத்துக்கு மழையிலும் வெயிலிலும் ஒரு கூரை என்ற வாக்கியத்தையே விடாமல் பிடித்திருந்தால், அந்தக் காரின் உரிமையாளர்கள் தலைநிமிர்ந்து பேசியிருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

இரண்டாவது வழியை நான் உள்ளிருந்தே பார்த்தேன். நான் வேலை பார்த்த நிறுவனங்களில் ஒன்று, தன் சிறிய காருக்கு விலை உயர்ந்த கார்களின் பாணியில் விளம்பரம் எடுத்தது. கடற்கரை மாளிகை, மாலை உடை, பளபளக்கும் சக்கரம் என்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. விளம்பரத்தில் வந்தது உச்ச ரகம். ஷோரூமில் பெரும்பாலோர் வாங்கியது அடிப்படை ரகம். காரில் ஏறி உட்கார்ந்ததும் அவர்கள் கண்ணில் முதலில் பட்டது டேஷ்போர்டில் வரிசையாக இருந்த வெற்று மூடிகள். உச்ச ரகத்தில் பொத்தான் இருக்கும் இடங்களில் அடிப்படை ரகத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் மூடிகள் போட்டு அடைத்திருப்பார்கள். உங்களால் வாங்க முடியாதவை இத்தனை என்று அந்த மூடிகள் தினமும் கணக்குச் சொல்லும். அதைத் தடவிப் பார்த்து “இங்கே என்ன வரும்?” என்று கேட்காத வாடிக்கையாளரே குறைவு. கேட்டவருக்கு விளக்கம் சொல்லும்போதெல்லாம் மாளிகை விளம்பரத்துக்குக் கொட்டிய பணம் கண்ணெதிரே கரைவதைப் பார்த்தேன். அடிப்படை ரகத்துக்கென்றே தனியாக ஒரு பேனல் செய்து, மூடிகள் இருக்கும் இடத்தில் சில்லறையும் கைப்பேசியும் வைக்க ஒரு குழி கொடுத்திருந்தால் போதும். அச்சு வார்ப்புச் செலவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் வாடிக்கையாளர் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கும் விளம்பரம் அந்த டேஷ்போர்டுதான்.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட நிறுவனம் என்று நான் கருதுவது ருமேனியாவின் டாசியா. 1968இல் பிரெஞ்சு நிறுவனமான ரெனால்டின் ரெனால்ட் 8 காரை உரிமம் பெற்றுத் தயாரித்துத் தொடங்கி, அடுத்த ஆண்டே ரெனால்ட் 12-ஐத் தழுவிய 1300 மாடலுக்கு வந்து, அந்த வரிசையையே 2004 வரை ஓட்டிய நிறுவனம் அது. 1999இல் ரெனால்ட் அதை வாங்கியது. 5,000 யூரோவில் ஒரு நல்ல கார் வேண்டும் என்று ரெனால்ட் தலைவர் லூயி ஷ்வைட்சர் வைத்த இலக்கிலிருந்து 2004இல் லோகன் பிறந்தது. அதிலும் குறைத்தார்கள். வலது, இடது பக்கக் கண்ணாடிகள் ஒரே வார்ப்பு. முன் கண்ணாடியில் வளைவு குறைவு. பாகங்களில் பல ஏற்கெனவே ரெனால்ட் கார்களில் ஓடித் தேறியவை. வளரும் நாடுகளுக்கென்று நினைத்த அந்தக் காரை மேற்கு ஐரோப்பியர்களும் கேட்க, 2005இல் அங்கும் விற்பனைக்கு வந்தது. பழைய கார் வாங்கலாம் என்றிருந்தவர்களில் பலர் புதிய கார் வாங்கினார்கள். “பழைய காரின் விலையில் புதிய கார் வாங்கினேன்” என்ற வாக்கியத்தை யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்லலாம். அதில் வாங்கியவரின் புத்திசாலித்தனம்தான் தெரிகிறது.

டாசியாவிடம் நான் மிகவும் மதிப்பது தள்ளுபடி கொடுக்காமல் இருந்த உறுதியை. விலைப்பட்டியலில் இருப்பதுதான் விலை என்று பல ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தார்கள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஷோரூமில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். எங்களிடம் ஆண்டுக் கடைசியில் இருப்பைக் காலி செய்யத் தள்ளுபடி வாரி வழங்கச் சொல்வார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு கார் எடுத்த ஒருவர் ஒரு மாலையில் வந்தார். சத்தம் போடவில்லை. “என் மச்சான் நேற்று இதே காரை எடுத்திருக்கிறான். எனக்கு ஏன் சார் அந்த விலை சொல்லவில்லை?” என்று மட்டும் கேட்டார். பணத்தைவிட, மச்சான் முன்னால் ஏமாளியாக நிற்க வேண்டி வந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. சிக்கனமான காரை வாங்கியவர் தன்னைப் பற்றி நினைத்துக்கொள்ளும் ஒரே பெருமை, கணக்குப் பார்த்துச் சரியாக வாங்கினோம் என்பது. தள்ளுபடி அந்தப் பெருமையின் மேலேயே கை வைக்கிறது. மறுவிற்பனை மதிப்பும் அதனால்தான் முதலில் சரிகிறது. புதிய காரே இறங்கி வரும்போது பழைய காருக்கு யார் விலை கொடுப்பார்கள்?

2021இல் டாசியா புதிய சின்னத்தை அறிமுகப்படுத்தியது. டியும் சியும் எதிரெதிராகச் சங்கிலிக் கண்ணி போலக் கோத்துக்கொள்ளும் எளிய கோடுகள். காக்கிப் பச்சையைத் தன் நிறமாக்கிக்கொண்டார்கள். சின்னத்தை மாற்றுவது எந்த நிறுவனமும் செய்யக்கூடியது. சின்னத்துக்குப் பின்னால் எடுத்த முடிவுகள்தான் முக்கியம். குரோம் அலங்காரத்தை நிறுத்தினார்கள். தோல் இருக்கைகளைக் கைவிட்டார்கள். உச்ச வேகத்தை மணிக்கு 180 கிலோமீட்டரோடு நிறுத்தினார்கள். சாண்டெரோ என்ற சிறிய காரின் அடிப்படை ரகத்தில் திரை இல்லை. அதற்குப் பதிலாக டேஷ்போர்டிலேயே கைப்பேசியைப் பொருத்த ஒரு தாங்கி கொடுத்து, அதையே திரையாகப் பயன்படுத்தச் செய்தார்கள். வெற்று மூடி இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு யோசனை உட்கார்ந்திருக்கிறது. டஸ்டர் என்ற எஸ்யூவியின் மூன்றாம் தலைமுறையில் பக்கவாட்டு பிளாஸ்டிக்குக்குப் பெயின்டே அடிப்பதில்லை. மறுசுழற்சிப் பொருள் கலந்த அந்த பிளாஸ்டிக்கில் வெள்ளைப் புள்ளிகள் அப்படியே தெரிகின்றன. எங்கள் வாடிக்கையாளர்கள் பெயின்ட் அடித்து மறைத்த அதே கறுப்பு பிளாஸ்டிக்தான். ஆனால் அங்கே அது கீறலுக்கு அஞ்சாத கார் என்பதன் அடையாளம். எல்லா ரகத்திலும் அது இருப்பதால் கடைசி ரகம் என்று யாரையும் காட்டிக்கொடுப்பதும் இல்லை. சாண்டெரோ 2017 முதலே ஐரோப்பாவில் தனிநபர்கள் அதிகம் வாங்கும் காராக இருந்து, 2024இல் எல்லா வகை விற்பனையையும் சேர்த்தே முதலிடம் பிடித்தது.

இதே டஸ்டரின் முதல் தலைமுறை 2012இல் இந்தியாவுக்கு ரெனால்ட் சின்னத்தோடு வந்தது. சென்னை அருகே ஒரகடத்தில் தயாரானது. ஐரோப்பாவில் சிக்கனக்காரரின் வண்டி, இங்கே சிறிய காரிலிருந்து ஒரு படி மேலே போனவரின் வண்டி. இயந்திரமும் தகடும் ஏறக்குறைய ஒன்றே. அடையாளம் எங்கே உருவாகிறது என்று பயிற்சி வகுப்பில் யாராவது கேட்டால் இந்த ஒரு காரைக் காட்டினால் போதும்.

டட்சன் கதை இதற்கு மறுபக்கம். கைவிட்டிருந்த தன் பழைய டட்சன் பெயருக்கு உயிர்கொடுத்துக் குறைந்த விலைக் கார்களை விற்க ஜப்பானின் நிஸான் முடிவு செய்தது. 2013இல் டெல்லியில் ‘கோ’ காரைக் காட்டி, 2014இல் விற்கத் தொடங்கியது. வாங்கக்கூடிய தலைமுறைக்கு அந்தப் பெயரில் எந்த நினைவும் இல்லை. கார்கள் நின்றதோ நிஸான் ஷோரூமிலேயே, விலை உயர்ந்த கார்களுக்குப் பக்கத்தில். அதே ஆண்டு, கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வரை தரும் குளோபல் என்கேப் சோதனையில் கோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு புதிய பிராண்டைப் பற்றி மக்கள் கேள்விப்படும் முதல் சில செய்திகளில் ஒன்று இப்படி இருந்தால் மீள்வது கடினம். 2022இல் டட்சன் பெயர் மீண்டும் விடைபெற்றது.

பாதுகாப்பில் எனக்குச் சமரசம் கிடையாது. எதைக் குறைத்தோம் என்று சொல்லத் தெரிய வேண்டும் என்று தலைப்பிலேயே சொன்னேன். சொல்ல வாய் கூசும் எதையும் குறைக்கவே கூடாது. குரோம் போகட்டும், திரை போகட்டும், கைப்பிடிக்குப் பெயின்ட் போகட்டும். மோதும்போது ஆளைக் காக்கும் கூட்டிலும் ஏர்பேக்கிலும் கை வைக்கக் கூடாது. டாசியாவையும் இந்த இடத்தில் நான் முழுமையாகப் பாராட்டமாட்டேன். 2021இல் யூரோ என்கேப் சோதனையில் சாண்டெரோவுக்கு இரண்டு நட்சத்திரம், ஸ்பிரிங் என்ற மின்காருக்கு ஒரே நட்சத்திரம். சாண்டெரோ மதிப்பெண் இழந்தது பெரிதும் ஓட்டுநர் உதவிக் கருவிகள் குறைவு என்பதால். உள்ளே இருப்பவர்களைக் காப்பதில் அது அவ்வளவு மோசமில்லை. ஸ்பிரிங்குக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. விற்பனையாளருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். நட்சத்திரம் பற்றிக் கேட்கும் வாடிக்கையாளரிடம் பேச்சை மாற்றுகிறவர் அந்த ஒரு நிமிடத்திலேயே நம்பிக்கையை இழந்துவிடுகிறார். எந்தப் பகுதியில் எவ்வளவு மதிப்பெண், ஏன் குறைந்தது என்று அறிக்கையை எடுத்து நேராகக் காட்டச் சொல்லியே நான் பழக்கினேன். காட்ட முடியாத கார் என்றால் அதைத் தலைமையகத்துக்கு எழுதச் சொன்னேன்.

கெட்ட பெயரைத் துடைப்பது பற்றிப் பேசினால் ஹூண்டாயைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1986இல் 4,995 டாலர் எக்செல் காருடன் அமெரிக்காவில் நுழைந்து முதல் ஆண்டே அமோகமாக விற்றது. கார்கள் பழுதாகத் தொடங்கியதும் தொலைக்காட்சி நகைச்சுவைக்குப் பொருளானது. 1990களின் இறுதியில் என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்தது. தரத்தில் உண்மையாகவே உழைக்காமல் அப்படி ஒரு தாளில் எந்த நிறுவனமும் கையெழுத்துப் போடாது. பழுது வந்தால் கைக்காசு போகும். எங்கள் கார் நல்ல கார் என்று சொல்ல ஆயிரம் வழிகள் உண்டு. தவறினால் நஷ்டம் எங்களுக்கு என்று சொல்ல இந்த ஒரு வழிதான் உண்டு.

மாருதி சுசூகி 2015இல் நெக்ஸா என்று தனி ஷோரூம்களைத் தொடங்கி விலை கூடிய கார்களை அங்கே கொண்டுபோனதன் தேவையும் புரிகிறது. சிறிய கார் வாங்கிய குடும்பம் அடுத்த காருக்கு வேறு நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. அதைத் தடுத்தாக வேண்டும். விற்பனையைப் பொறுத்தவரை அது வென்ற முயற்சிதான். ஆனால் இதைப் பார்த்து நகலெடுக்க நினைக்கும் சிறிய நிறுவனங்களுக்கு நான் சொல்வது, முதலில் பழைய ஷோரூமின் நாற்காலிகளைச் சரிசெய்யுங்கள் என்பதே. நல்ல காபியும் குளிர்ந்த அறையும் அதிகம் கொடுப்பவருக்கு மட்டும் என்றாகிவிட்டால், மற்றவர்களுக்கு அது ஒரு செய்தியாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தச் செய்தி மிக வேகமாகப் போய்ச் சேரும் இடம் சர்வீஸ் கவுன்ட்டர். சர்வீஸுக்கு வரும் காரின் விவரமும் வேலையும் எழுதும் ஜாப் கார்டின் முதல் வரியிலேயே காரின் ரகம் இருக்கும். அதைப் பார்த்ததும் சில சூப்பர்வைசர்களின் குரல் மாறுவதை நான் கேட்டிருக்கிறேன். உச்ச ரகக்காரருக்கு “உட்காருங்கள் சார், நானே வந்து சொல்கிறேன்”. அடிப்படை ரகக்காரருக்கு “சாயங்காலம் போன் செய்து பாருங்கள்”. பயிற்சிப் பொறுப்பில் இருந்தபோது ரகத்தை ஜாப் கார்டின் இரண்டாம் பக்கத்துக்கு மாற்றச் சொல்லி வாதாடினேன். ஒரு டீலர் ஒப்புக்கொண்டார். உதிரிபாகம் எடுக்கிறவருக்கு மட்டும்தானே அது தேவை? வரவேற்பில் நிற்பவருக்கு வாடிக்கையாளரின் பெயரும் பிரச்சினையும் தெரிந்தால் போதும். செலவே இல்லாத மாற்றம் அது. அங்கே புகார்களின் தொனி மாறியதை நானே உணர்ந்தேன்.

பயிற்சியில் வழக்கமாக ஒரு வேலை கொடுப்பேன். கார் எடுத்து ஓராண்டு ஆன உரிமையாளர்களுக்குப் போன் செய்து, “உங்கள் காரைப் பற்றி யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?” என்று மட்டும் கேட்டு, பதிலை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிவரச் சொல்வேன். நிறுவனத்தின் விளம்பர வாசகம் அந்தப் பதில்களில் வந்ததே இல்லை. “பெட்ரோல் குடிக்காது”, “எங்கே நின்றாலும் மெக்கானிக் கிடைப்பான்”, “அம்மா ஏறி இறங்கச் சுலபமாக இருக்கிறது” என்று வந்தன. “இருக்கிற பணத்துக்கு இதுதான் கிடைத்தது” என்றும் வந்தது. கடைசிப் பதில் அதிகமாக வரும் மாடலில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அது இயந்திரக் கோளாறாக இருக்காது. அந்தக் கார் ஏன் அப்படி இருக்கிறது என்று யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இப்போது இந்தத் துறையில் எல்லோருக்கும் ஒரே நெருக்கடி. பாதுகாப்பு விதிகளும் மாசுக்கட்டுப்பாட்டு விதிகளும் இறுக இறுக, சிறிய காரின் தயாரிப்புச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. டாசியாவே 2025இல் பிக்ஸ்டர் என்ற பெரிய காரை 25,000 யூரோவை ஒட்டிய தொடக்க விலையில் கொண்டுவந்தது. லோகனின் 5,000 யூரோ இலக்கு எங்கே, இது எங்கே. அதே அளவுள்ள மற்றவர்களின் கார்களோடு ஒப்பிட்டால் குறைவான விலைதான். ஆனாலும் பழைய லோகன்காரர் ஷோரூமுக்குள் வந்து அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதில் எதைக் குறைத்தீர்கள்?” என்று கேட்பார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. சிக்கனத்தில் பெயர் வாங்கிய எந்த நிறுவனம் மேலே ஏற நினைத்து என்னிடம் ஆலோசனை கேட்டாலும், அந்தக் கேள்விக்கான பதிலை ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு விற்பனையாளரும் பார்க்காமல் சொல்லும்படி பழக்கிய பிறகு காரை மேடையேற்றுங்கள் என்பேன்.